‘நான்’ என்று சொல்லும் வீரன்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமையன்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை அழைத்துக்கொண்டு தனுஷ்கோடிக்குச் சென்றிருந்தேன். 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊர் அழிந்தது. அது முதல் நெடுங்காலம் வரையில், மணலில் ஓடக்கூடிய வண்டிகளே அங்கே போகிறவர்களுக்குக் கதியாக இருந்தன. 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறக்கப்பட்டது. அன்று முதல் உபாத்தியாயருக்கும் பிள்ளைகளுக்கும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தேசத்தின் கோடியைத் தரிசிக்கும் பாக்கியம் கிடைத்திருக்கிறது.

பிள்ளைகளில் பாதிப் பேர் அலையைப் பார்த்தார்கள். மற்றப் பாதிப் பேர் அலைக்கு முதுகைக் காட்டி நின்று, செல்போனில் தங்களையே பார்த்தார்கள். ஒரே ஒரு பெண் மாத்திரம் பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்து தலையணை போன்ற ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வாசித்துக் கொண்டிருந்தாள். நான் அருகே போனதும் எழுந்து நின்று, “ஸார், ஒரு சந்தேகம்” என்றாள்.

அந்தப் புத்தகம் 2007-ல் பாட்ரிக் ராத்ஃபஸ் என்னும் அமெரிக்கர் எழுதி வெளியிட்ட ‘தி நேம் ஆஃப் தி விண்ட்’ என்ற மாயாஜால நாவல். அதன் கதாநாயகன் குவோத் என்பவன். பெயரை மறைத்துக்கொண்டு ஒரு சத்திரத்தை நடத்தி வரும் அவன், ஊரெல்லாம் கதையாகப் பேசப்பட்ட தன் வாழ்க்கையைத் தன் வாயாலேயே ஓர் எழுத்தனுக்குச் சொல்லுகிறான். தன் புத்தி, தன் சங்கீதம், தன் மந்திர வித்தை எல்லாவற்றையும் அவன் கூச்சமின்றிச் சொல்லிக்கொண்டே போகிறான்.

“பக்கத்துக்குப் பக்கம் ‘நான்’, ‘நான்’ என்கிறான், ஸார். இவன் நார்ஸிஸிஸ்ட்தானே?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“ஆமாம் அம்மா, அகம்பாவம் பிடித்தவன்தான்” என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சமயத்தில் வேறொரு பையனுடைய முகம் நினைவுக்கு வந்து என் வாயை அடைத்துவிட்டது. அவனைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன். அந்தப் பெண்ணுக்கு அன்று நான் சொன்ன பதிலையும், வீட்டுக்குத் திரும்பிய பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதிலையும் சேர்த்து இந்த வாரம் நேயர்கள் முன் வைக்கிறேன்.

* * *

இப்போதெல்லாம் இந்த வார்த்தை பிள்ளைகளின் வாயில் சர்வ சாதாரணமாக வருகிறது. சண்டை போட்ட சிநேகிதன் நார்ஸிஸிஸ்ட். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் நார்ஸிஸிஸ்ட். கண்டித்த உபாத்தியாயரும் மறைவில் அதே பட்டத்தைப் பெற்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகையால் வார்த்தையின் பொருளை முதலில் பார்த்துவிடுவோம்.

கிரேக்கக் கதையில் நார்ஸிஸஸ் என்று ஓர் அழகிய வாலிபன் வருகிறான். சுனை நீரில் தெரிந்த தன் நிழலின் மேலேயே காதல் கொண்டு, அதை விட்டுப் பிரிய மனமில்லாமல் உருகி மாய்ந்துபோனான். அவன் பெயரைக் கொண்டுதான் மனோதத்துவ சாஸ்திரிகள் இந்தச் சொல்லைச் செய்தார்கள். 1914-ல் பிராய்டு இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1980-ல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தார் தங்கள் நோய்ப் பட்டியலிலும் இதற்கு ஓர் இடம் கொடுத்தார்கள். தமிழில் ‘தன்மோகம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பட்டியலில் இன்று காணும் அடையாளங்கள் ஒன்பது: தன்னை மிகப் பெரியவனாக எண்ணுதல், எல்லையற்ற வெற்றியைக் குறித்து ஓயாமல் கனவு காணுதல், தான் தனிப் பிறவி என்று நம்புதல், ஓயாத புகழ்ச்சியை வேண்டுதல், எல்லாம் தனக்கு உரியவை என்ற எண்ணம், பிறரைத் தன் காரியத்துக்குக் கருவியாக்குதல், பிறர் துன்பத்தை உணராமை, பொறாமை, செருக்கு. இவற்றில் ஐந்தாவது ஒருவனிடம் வேரூன்றி, எல்லா இடங்களிலும் எல்லாரோடும் அவன் பழகும் விதத்தைக் கெடுத்தாலொழிய, வைத்தியர்கள் இந்தப் பெயரைச் சூட்டமாட்டார்கள். பதினாறு வயதுப் பிள்ளை கண்ணாடி முன் அரைமணி நேரம் நிற்பது வியாதி அன்று, வயது.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? அடிக்கடி ‘நான்’ என்று சொல்லுதல் என்பது அந்த ஒன்பதில் ஒன்று அல்ல. 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆங்கிலமும் ஜெர்மனும் பேசும் ஏறத்தாழ 4,800 பேருடைய பேச்சையும் எழுத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். தன்மோகம் மிகுந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ‘நான்’ என்று சொல்வதாகத் தெரியவில்லை. நமது மொழியிலோ கேட்க வேண்டியதே இல்லை. ‘வந்தேன்’, ‘கண்டேன்’ என்று வினைச்சொல்லின் வாலிலேயே ‘நான்’ ஒளிந்துகொண்டிருக்கிறது. எண்ணிக்கையைக் கொண்டு பிடிக்க முயன்றால், தமிழ்நாட்டு அகம்பாவிகள் அத்தனை பேரும் தப்பிவிடுவார்கள்!

அப்படியானால் எதைக் கொண்டு பிடிப்பது?

* * *

அந்தப் பெண்ணிடம், “இதோ எதிரே இருக்கிற சமுத்திரத்தைப் பார். இதைத் தாண்டிப் போய்வந்த கதையைத் தன் வாயாலேயே சொன்ன ஒரு வீரன் இருக்கிறானே, அவனை முதலில் விசாரிப்போம்” என்றேன்.

அனுமனைத்தான் சொன்னேன். பக்தர்கள் மன்னிக்க வேண்டும். கோயிலில் கைகூப்பும் தெய்வத்தைப் பற்றி அல்ல, காவியத்தில் வரும் பாத்திரத்தைப் பற்றியே பேசுகிறேன். வால்மீகியின் சுந்தர காண்டத்தில், இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன் வானரங்களின் நடுவே அமர்ந்து தன் பிரயாணத்தை முதலிலிருந்து கடைசி வரையில் தானே சொல்லும் நீண்ட ஸர்க்கம் ஒன்று உண்டு. கடலிலிருந்து எழுந்த மைநாக மலை, வாயைப் பிளந்த சுரஸை, நிழலைப் பிடித்து இழுத்த சிம்ஹிகை எல்லாம் அவன் வாய்மொழியாகவே மறுபடி வருகின்றன. தன் கதை சொல்லும் மாயாஜால வீரன் என்றால் இவனைக் காட்டிலும் பொருத்தமானவன் யார்?

இவன் தற்பெருமை பேசவில்லையா? பேசினான். கடலைத் தாண்டுவதற்கு முன்னால் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஸீதையைக் காணாமல் திரும்பினால் ஸுக்ரீவன் உயிரை வாங்குவான் என்று பயந்து, வானரங்கள் உண்ணாமல் கிடந்து உயிரை விடுவதென்று தீர்மானித்தார்கள். பிறகு ஸம்பாதி வந்து இலங்கையைக் காட்டினான். ஆனால் கடலைப் பார்த்ததும் மறுபடி சோர்ந்துபோனார்கள். இத்தனை தூரம் தாண்டுவேன், அத்தனை தூரம் தாண்டுவேன் என்று ஒவ்வொருவனும் கணக்குச் சொன்னான். ஒருவர் கணக்கும் கட்டவில்லை. அனுமனோ ஒதுங்கிப் பேசாமல் உட்கார்ந்திருந்தான். தன் வலிமை தனக்குத் தெரியாமல் போகும்படி இளமையில் ரிஷிகளின் சாபம் அவனுக்கு இருந்ததாம். கிழவனான ஜாம்பவான் அருகே போய், நீ யார் தெரியுமா என்று அவன் பிறப்பையும் பலத்தையும் எடுத்துச் சொன்ன பிறகே அவன் எழுந்தான்.

எழுந்தவன் சும்மா இருந்தானா? மேருவை ஆயிரம் தடவை சுற்றி வருவேன், சமுத்திரத்தைக் கலக்குவேன் என்று முழங்கினான். அந்த ஒரு பகுதியை மாத்திரம் கிழித்து எடுத்து ஒரு மனோதத்துவ நிபுணரிடம் கொடுத்தால், ஒன்பதில் இரண்டு மூன்று அடையாளங்களுக்கு எதிரே தாராளமாகக் கோடு போடுவார்.

ஆனால் அதே அனுமன் அசோக வனத்தில் எப்படிப் பேசுகிறான்? வானர சேனை எவ்வாறு இந்தக் கடலைக் கடந்து வரப்போகிறது என்று ஸீதை மனம் கலங்குகிறாள். அப்போது அவன், “ஸுக்ரீவனிடத்தில் என்னைவிடச் சிறந்தவர்களும் எனக்குச் சமமானவர்களும் இருக்கிறார்கள்; எனக்குத் தாழ்ந்தவன் ஒருவனும் இல்லை. பெரியவர்களையா தூது அனுப்புவார்கள்?” என்னும் கருத்தில் பதில் சொல்லுகிறான். மேருவைச் சுற்றுவதாக முழங்கியவன் இப்போது சேனையிலேயே கடைசி ஆள்!

இரண்டும் எப்படி ஒருவன் வாயிலிருந்து வந்தன என்பதை யோசிக்க வேண்டும். கரையில் இருந்தவர்களுக்கு, ‘ஒருவனாலாவது முடியும்’ என்ற தைரியம் வேண்டியிருந்தது. வனத்தில் இருந்தவளுக்கு, ‘இவன் ஒருவனால் மாத்திரம் அல்ல, எல்லாராலும் முடியும்’ என்ற தைரியம் வேண்டியிருந்தது. கேட்பவருடைய துக்கம் எந்த அளவோ, அந்த அளவுக்குத் தன்னை ஓரிடத்தில் பெரிதாக்கினான், ஓரிடத்தில் சிறிதாக்கினான். தன்மோகம் கொண்டவனுக்கு இது சாத்தியப்படாது. அவன் ராஜ சபையிலும் ஒரே உயரம். இழவு வீட்டிலும் ஒரே உயரம்.

இன்னொன்று. இலங்கையைக் கொளுத்திய பிறகு அனுமனுக்குத் திடீரென்று ஒரு பயம் பிடிக்கிறது. ‘கோபத்தில் யோசியாமல் நெருப்பு வைத்துவிட்டேனே, ஸீதையும் எரிந்துபோயிருந்தால் வந்த காரியமே என்னால் கெட்டதல்லவா?’ என்று தன்னைத்தானே நொந்துகொள்ளுகிறான். அவனைத் தவிர அந்தப் பயம் வேறொருவருக்கும் தெரியாது. ஆனாலும் கரையில் கதை சொல்லும்போது அதை அவன் மறைக்கவில்லை. வெற்றிக் கதையின் நடுவே தன் பிழையையும் அவனே சொல்லிவிடுகிறான்.

நமது கம்பர் ஒரு படி மேலே போய்விட்டார். அவருடைய அனுமன், தேவியின் நிலையையும் அவள் தந்த அடையாளத்தையும் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுகிறான். தன் போரையும், ஊரை எரித்ததையும் சொல்ல வெட்கப்படுகிறான். கேட்டவர்கள் அவன் உடம்பிலுள்ள புண்களைப் பார்த்துப் போரை அறிந்துகொண்டார்கள். கடலுக்கு அப்பால் எழுந்த புகையைப் பார்த்து நெருப்பை அறிந்துகொண்டார்கள். வால்மீகியின் அனுமன் பேசினான். கம்பரின் அனுமன் பேசவில்லை. இருவரும் ஒரே அனுமன்தான் என்பதில் நமக்கு ஏதாவது சந்தேகம் உண்டா?

* * *

தன்மோகத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் அதே காவியத்தில் வேறிடத்தில் தேட வேண்டும். அன்று காலையில் தனுஷ்கோடிக்குப் போகும் வழியில், சாலையிலிருந்து சற்று விலகிக் கடலோரத்தில் இருக்கும் கோதண்டராமர் கோயிலில் இறங்கிவிட்டுத்தான் வந்திருந்தோம். 1964-ஆம் வருஷத்துப் புயலில் ஊரே போன போதும் அந்தக் கோயில் நின்றது. விபீஷணன் அடைக்கலம் புகுந்த இடம் அது என்பது ஐதிகம்.

விபீஷணன் ஏன் அண்ணனை விட்டு வந்தான்? அண்ணனுக்குப் புகழ்ச்சியைத் தவிர வேறு எந்தக் குரலும் காதில் ஏறாமல் போயிற்று. அறிவுரை சொன்ன தம்பி துரோகியாகத் தெரிந்தான். ‘ஜே’ போட்டவர்கள் மந்திரிகளாக இருந்தார்கள். பிறன் மனைவியின் கண்ணீர் அவனுக்குக் கண்ணீராகவே படவில்லை. பிரம்மாவிடம் வரம் கேட்டபோதுகூட, தேவர்கள் முதலானோரால் சாவு வரக் கூடாது என்று கேட்டவன், மனிதனை ஒரு பொருட்டாக எண்ணாமல் விட்டுவிட்டான். அந்தச் சிறு ஓட்டை வழியாகத்தான் அவனுக்கு முடிவு வந்தது. இந்தத் தன்மோகத்தைக் கண்டுபிடிக்க அவன் எத்தனை தடவை ‘நான்’ என்றான் என்று எண்ண வேண்டிய அவசியம் இருக்கிறதா? அவனைச் சுற்றி யார் மிஞ்சினார்கள் என்று பார்த்தால் போதாதா?

நம் முன்னோர்களும் இந்தச் சோதனையை நன்றாக அறிந்திருந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ‘நன்னூல்’ செய்த பவணந்தி முனிவர், தன்னைத் தானே புகழ்வது தகுதியன்று என்று முதலில் ஒரு விதி செய்தார். விதி செய்த கையோடு நான்கு விலக்குகளையும் வைத்தார். அரசனுடைய சபைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, சபையில் வாதம் செய்து வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது, இந்த நான்கு சமயங்களிலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இலக்கணம் எழுதியவருக்கு எவ்வளவு உலக அநுபவம், பாருங்கள்! உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதுகிற நம் பிள்ளைகளெல்லாம் முதல் விலக்கில் அடங்கிவிடுகிறார்கள்.

நம் மொழியின் முதல் நாவலும் இதற்குச் சாட்சி சொல்லும். ஜில்லா முன்ஸீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879-ல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ முழுவதும் கதாநாயகன் தானே சொல்லும் கதை. யானை மாலை போட்டு அரசனைத் தேர்ந்தெடுக்கும் மாயமெல்லாம் அதில் உண்டு. செல்லப் பிள்ளையாக வளர்ந்த பிரதாபன், தான் படிக்காததற்குத் தன்னோடு படித்த கனகசபை அடி வாங்கினான் என்பதையும் சொல்லுகிறான். யானை மாலையிட்டதோ அவனுக்கு அல்ல. ஆண் வேஷத்தில் வந்த அவன் மனைவி ஞானாம்பாளுக்கு. அவள் அரசாண்ட சாமர்த்தியத்தை வாய் நிறையச் சொல்லுகிறான். ‘நான்’ என்று தொடங்கிய கதையில் மற்றவர்கள் இவ்வளவு உயரமாக நடமாடினால், சொன்னவன் சுனையில் தன் நிழலை மாத்திரம் பார்த்தவன் அல்லன்.

* * *

இனி அந்தப் பையனுடைய விஷயம்.

சில வருஷங்களுக்கு முன்னால், நான் வேறொரு பள்ளியில் இருந்தபோது, கடற்கரைக் குடிசையிலிருந்து ஒரு பையன் என் வகுப்பில் வந்து சேர்ந்தான். கடைசி பெஞ்சு, அதிகம் பேசமாட்டான். ஒரு நாள் ‘நான் செய்த ஒரு காரியம்’ என்று தலைப்புக் கொடுத்து ஒவ்வொருவரையும் பேசச் சொன்னேன். அவன் முறை வந்ததும், இரவில் மாமனோடு வள்ளத்தில் போனதாகவும், காற்று மாறியபோது மாமனுக்குக் கையில் அடிபட்டுவிட்டதாகவும், தானே சுக்கானைப் பிடித்து விடியற்காலையில் கரை சேர்த்ததாகவும் சொன்னான். “நான் பிடிச்சேன், ஸார், நான் தனியா பிடிச்சேன்” என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். அவன் கண்கள் பளபளத்தன.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பலே! அனுமாருக்கு அடுத்தபடி நீதானோ?” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. பையன் உட்கார்ந்துவிட்டான். தற்பெருமையை முளையிலேயே கிள்ளிவிட்டதாக எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

பத்து நாள் கழித்து ஏதோ ஒரு சர்ட்டிபிகேட்டுக்காக அவன் மாமன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வலது கையில் கட்டு. “பையன் அன்னிக்குச் சுக்கானைப் பிடிக்காட்டி நாங்க கரையைப் பார்த்திருக்க மாட்டோம், ஸார். உங்ககிட்டச் சொல்லியிருப்பானே?” என்றார். “சொன்னான்” என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தையும் எழும்பவில்லை.

பையனிடம் தனியாகப் பேச வேண்டுமென்று நினைத்தேன். நாளை, நாளை என்று தள்ளினேன். வகுப்பின் முன்னால் சொன்னதை வகுப்பின் முன்னால்தான் திருத்த வேண்டும் என்று தெரிந்தும், உபாத்தியாயருடைய கௌரவம் ஒன்று இருக்கிறதே, அது குறுக்கே நின்றது. அந்த வருஷம் முடியும் வரையில் அவன் மறுபடி கையைத் தூக்கவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான்.

தன் ஆற்றலை அறியாதவர்களின் நடுவே ஒருவன் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம் என்ற விலக்கை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். அது அந்தக் கடைசி பெஞ்சுக்காக எழுதப்பட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. ஜாம்பவான் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்யும்படி சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நானோ ரிஷிகளுடைய சாபத்தைக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அந்த அறையில் ஒருவனுக்குத் தன் பெருமை முக்கியமாக இருந்தது. அது பையன் அல்லன்.

* * *

தனுஷ்கோடியில் அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “உன் கதாநாயகனுக்கு வியாதிப் பெயர் சூட்ட நானும் வைத்தியனல்ல, நீயும் வைத்தியையல்ல. புத்தகத்தில் இருப்பவனை நாடி பிடித்துப் பார்க்கவும் முடியாது. அதனால் மூன்று கேள்விகள் மாத்திரம் கேட்டுப் பார். யாருக்காக இந்தக் கதையைச் சொல்லுகிறான்? தன் பிழையைச் சொல்லுகிறானா? அவன் கதையில் வரும் மற்றவர்களுக்கு முகம் இருக்கிறதா, அல்லது அவர்கள் வெறும் கண்ணாடிகளா?”

அவள் சிறிது நேரம் யோசித்தாள். “தப்புச் செய்ததை அவனே சொல்லுகிறான், ஸார். சின்ன வயதில் பெருமை அடித்துக்கொண்டான். ஆனால் இப்போது கதை சொல்லுகிறவன் களைத்துப்போன சத்திரக்காரன். அந்தச் சின்னப் பையனைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது” என்றாள். பிறகு, “மற்றவர்களுக்கு முகம் இருக்கிறதா என்று மறுபடி வாசித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்” என்று புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல பதில். இளமையில் செருக்கு இருந்தது என்பது ஒரு விஷயம். அந்தச் செருக்கைத் தானே அடையாளம் கண்டு சொல்லுவது வேறு விஷயம். சுனையில் குனிந்திருந்த நார்ஸிஸஸுக்குக் கடைசி வரையில் வராமல் போனது அந்த இரண்டாவதுதான்.

அடுத்த திங்கட்கிழமை, வகுப்பில் பாடத்தைத் தொடங்குமுன் அந்தப் பையனுடைய கதையை, பெயரை மாத்திரம் விட்டுவிட்டு, நான் செய்தது உள்படச் சொன்னேன். கேட்க வேண்டியவன் அங்கே இல்லை. எந்தக் கரையில் எந்த வள்ளத்தில் இருக்கிறானோ, தெரியாது. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை வாசிக்கும் தாய் தகப்பன்மாருக்கும், என்னைப் போன்ற உபாத்தியாயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று மாலை உங்கள் பிள்ளை ஓடி வந்து, “நான்...” என்று தொடங்கினால், அந்த வாக்கியம் முடியும் வரையில் தயவு செய்து காத்திருங்கள்.